வாழும் வீடு வாழட்டும்

வட கொல்கத்தாவின் முக்தாராம் பாபு தெரு, ரிக்‌ஷாவும் கைவண்டியும் முட்டிமோதும் குறுகலான தெரு. அங்கே ஓர் இரும்புக் கதவுக்கு அப்பால் புல்வெளி, நீரூற்று, பளிங்குச் சிலைகள், மயிலும் மானும் வளர்க்கும் விலங்கினத் தோட்டம் என்று வேறோர் உலகம் இருக்கிறது. ராஜா ராஜேந்திர மல்லிக் 1835-இல் எழுப்பிய 'மார்பிள் பேலஸ்' அது. உள்ளே பல நிறப் பளிங்கு பதித்த தரை, பிரம்மாண்டமான நிலைக்கண்ணாடிகள், சரவிளக்குகள், ரூபன்ஸும் ரெனால்ட்ஸும் தீட்டியவை என்று சொல்லப்படும் ஓவியங்கள்.

"இவ்வளவு செல்வத்தை ஒரு குடும்பம் பூட்டி வைத்துக்கொள்ளலாமா? அரசு எடுத்து அருங்காட்சியகமாக்க வேண்டும்" என்று அன்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பக்கத்திலேயே ஜோராசாங்கோவில் தாகூர் இல்லம் பல்கலைக்கழகமாகவும் அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது. தேசத்துக்கே உரிய கவிஞரின் வீடு, அது பொருத்தமே. மல்லிக் மாளிகையின் கதை வேறு. ராஜேந்திரரின் வழித்தோன்றல்கள் அங்கேயே வாழ்கிறார்கள். வளாகத்து ஜகந்நாதர் கோயிலில் பூஜை நடக்கிறது. ஏழைகளுக்கு அன்னமிடும் அறமும் அந்த வீட்டோடு சேர்ந்ததே. அரசு எடுத்துக்கொண்டால் பளிங்கு மிஞ்சும். அடுப்பும் மணியோசையும் மிஞ்சுமா?

ஆனால் வங்காளத்தின் ஈரக்காற்று ஓவியத்துக்குப் பகை. இத்தனை பெரிய மாளிகையை ஒரு குடும்பமே காத்துவருவது எளிதன்று. மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்றும் இருக்க முடியாது. லிட்டில் ரஸ்ஸல் தெருவின் பழைய கெனில்வொர்த் கட்டடம் பட்டியலில் தரம் இறக்கப்பட்டு, 2018-இல் இடிக்கப்பட்டதை இந்நகரம் பார்த்தது. ஆகவே அரசு வீட்டை எடுக்க வேண்டாம், சுமையில் பங்கெடுக்கட்டும். வரியைக் குறைக்கட்டும், ஓவியம் காக்கும் வல்லுநர்களை அனுப்பட்டும், பழுதுபார்க்கக் கைகொடுக்கட்டும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. வீட்டில் ஆள் இல்லாமல் போனதன் விளைவு அது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்கும் ஊரில் ஒரு பூட்டிய வீடு உண்டு. ஆள் வாழ்ந்தால்தான் வீடு நிற்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இம்மாளிகையைக் காண முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பது நெடுங்கால வழக்கம். இதில் மனக்குறைக்கு இடமில்லை. பிறர் வீட்டுக்குப் போகுமுன் கேட்டுவிட்டுத்தானே போகிறோம்? நம் சங்கத்து இளைஞர்களும் அம்முறைப்படி அனுமதி பெற்று, விருந்தினராகச் சென்று கண்டு வரவேண்டும் என்பது என் விருப்பம்.