கழிவுநீருக்கும் விலை உண்டு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையிலும் சின்னசேலம் வட்டாரப் புன்செய்களிலும் விளையும் மரவள்ளி சேகோ ஆலைக்குப் போனதும் 'பாயிண்ட்' பார்க்கிறார்கள். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். மாவு ஜவ்வரிசியாகிறது, மிஞ்சும் சக்கையான திப்பி மாட்டுத்தீவனமாக விற்கிறது. மாவு படிந்தபின் தொட்டியில் மேலே நிற்கும் புளித்த நீரை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சுத்திகரிக்காமல் திறந்துவிட்டால் ஓடை நாறும், கிணறு கெடும்.

அந்த நீரில் கரைந்திருப்பதும் விவசாயி விளைவித்த மாவுச்சத்துதான். திறந்த குட்டையில் தேங்கினால் அது மீத்தேனாகி வானில் கலக்கிறது. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் வலுவுள்ள வாயு அது. மூடிய கலனில் பிடித்தால் அதே வாயு எரிபொருள். சேலம் மாவட்டத்தில் பல ஆலைகள் இதைக் கொண்டு மின்சாரம் எடுத்திருக்கின்றன. கரண்ட் பில்லும் குறைகிறது, ஊரார் புகாரும் குறைகிறது.

பிறகு ஏன் எல்லா ஆலையும் செய்யவில்லை? சிறு ஆலைக்காரர்களின் பதிலில் நியாயம் இருக்கிறது. கிழங்கு வரத்து வருடத்தில் சில மாதம்தான். கலனுக்கு வாங்கிய கடனுக்கோ பன்னிரண்டு மாதமும் வட்டி கட்டியாக வேண்டும். நோட்டீஸ் ஒட்டி அபராதம் போடுவதால் மட்டும் இந்தக் கணக்கு நேராகாது. அந்தச் சுமை கடைசியில் பாயிண்ட் விலையில் கழிக்கப்பட்டு, கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து வண்டி வாடகை கொடுத்துக் கிழங்கு இறக்கும் பழங்குடி விவசாயியின் தலையில்தான் விழும். மலைக்காரரின் கூலியில் பிடித்துக் கட்டும் பசுமையை நாம் ஏற்க முடியாது.

வழி இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. சரக்கை விற்பதற்காகச் சேகோ, ஸ்டார்ச் ஆலைகள் 1981-ல் ஒன்றுசேர்ந்து சேலத்தில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான் சேகோசர்வ். கிடங்கும் விற்பனையும் பொதுவாக நடக்கும்போது, அருகருகே இருக்கும் ஆலைகளுக்குப் பொதுவான பயோகேஸ் கலன் ஏன் கூடாது? அரசு மூலதன மானியம் தரட்டும்; கடன் தவணையை வங்கிகள் கிழங்கு சீசனில் மட்டும் வாங்கட்டும். இதற்குப் பிறகும் கழிவை ஓடையில் விடும் ஆலையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தயங்காமல் மூடவேண்டும்.

வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. பளீரென்ற வெள்ளையைக் கேட்கக் கேட்க, வெளுக்கும் ரசாயனத்தின் மீது ஆலைக்கு ஆசை வருகிறது. அது கழிவுநீரில் கலந்தால் வாயு தரும் நுண்ணுயிரும் நலியும். இயற்கை நிறத்தில் இருக்கும் ஜவ்வரிசிக்குச் சேகோசர்வ் தனித் தரமும் கூடுதல் விலையும் வைக்க வேண்டும்.

அடுத்த வரத்து தொடங்குமுன் கள்ளக்குறிச்சி ஆட்சியர், ஆலைக்காரர்களையும் மலை விவசாயிகளையும் வங்கியாளர்களையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். முதல் கலன் எந்த ஊரில், எந்த மாதத்தில் என்பது அன்றே முடிவாகட்டும்.