சுருண்ட நாளங்களும் ஊசி மருந்தும்

தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்தின் மார்ச், ஆகஸ்டுத் திருவிழாக்களில் கத்தோலிக்கரோடு பிற மதத்தினரும் திரள்வது நாம் அறிந்ததே. அங்கே விடியும்வரை நின்று கச்சான் விற்பவர், சோற்றுக்கடை அடுப்பை விட்டகலாத பெண்மணி ஆகியோரின் கால்களைச் சற்றே நோக்கினால், சிலருக்கு முழங்காலின் கீழே நீலக் கயிறு போல் ஏதோ நெளிந்து புடைத்திருப்பதைக் காணலாம். “நரம்பு சுருண்டுவிட்டது” என்பார்கள். நின்று பிழைப்போருக்கு விதித்தது இதுவென்று விட்டுவிடவும் செய்வார்கள். கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர் குலமும் இதற்கு விலக்கன்று.

அது நரம்பன்று, நாளம். காலிலிருந்து மேலேறும் குருதி மீண்டும் கீழே வழியாதபடி நாளங்களுள் சிறு வால்வுகள் உள்ளன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை நாளத்தைப் பிழிந்து குருதியை மேலேற்றும். நின்றபடியே இருந்தால் பிழிவாரில்லை. வால்வுகள் பழுதானால் குருதி தேங்கி நாளம் விரிந்து சுருளும். குடும்ப வழியும் பிள்ளைப்பேறும் கூடக் காரணங்களாகும். வெறும் அழகுக் குறையாக இருக்கும்வரை பெருங் கவலையில்லை. கணுக்காலருகே தோல் கறுத்து, அரித்து, புண்ணாகிவிட்டாலோ ஆண்டுக்கணக்கில் ஆறாது கிடக்கும். தேங்கிய குருதிக்கு வழி செய்யாது களிம்பு மட்டும் பூசுவதால் பயன் சொற்பமே.

அவ்வழிகளுள் ஒன்று ஊசி மருந்து. பழுதான நாளத்தைத் திருத்துவதன்று, மூடிவிடுவதே இதன் நோக்கம். மருந்து உட்சுவரைப் புண்படுத்த, சுவர்கள் ஒட்டி, நாளம் மெல்லிய தழும்பு நாராகிவிடுகிறது. குருதி செல்லும் வழியை அடைத்தால் காலின் கதி என்ன என்று வாசகர் கேட்கலாம். அதன் பெரும்பகுதி தசைகளினூடே உள்ள ஆழ்ந்த நாளங்களாலேயே செல்கிறது. ஆதலால் அவை நலமாயுள்ளனவா என்று ஒலியலைக் கருவியால் முதலிற் பார்த்துக்கொள்வர்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இரும்புக் குளோரைட்டை ஏற்றிப் பார்த்தனர்; கேடு மிகுந்தது. 1946இல் சோடியம் டெட்ராடெசைல் சல்பேற்று என்னும் மருந்து வந்தது. ஆயினும் நல்ல மருந்து மட்டும் போதவில்லை. குருதி நிறைந்த நாளத்தில் மருந்து நீர்த்துப்போகும். உறைகட்டி உண்டாகி, பின்னர் அது கரைந்து வழி மீண்டும் திறந்துகொள்ளும். டப்ளின் நகரின் ஜோர்ஜ் ஃபீகன் என்னும் சத்திர வைத்தியர் இதற்கொரு வழி கண்டு, 1963இல் லான்செற் சஞ்சிகையில் எழுதினார். வெறுமையாக்கிய நாளத்தில் மருந்தேற்றி, உடனே இறுகப் பட்டி சுற்றி, ஆறு கிழமை அப்படியே வைத்து, நாள்தோறும் நடக்கச் செய்தார். ஊசி போட்டால் படுத்திருக்க வேண்டும் என்பது நம்மவர் எண்ணம். இங்கோ எழுந்து நட என்கிறார்கள். பட்டி அரிக்கிறதென்று இரண்டாம் நாளே அவிழ்த்தெறிவோர் பாதிச் சிகிச்சையை அவிழ்த்தெறிகின்றனர்.

2000ஆம் ஆண்டில் இத்தாலியரான டெசாரி, ஒரு பங்கு மருந்தையும் நான்கு பங்கு காற்றையும் இரு ஊசிக் குழல்களிடையே மாறிமாறித் தள்ளி நுரையாக்கும் எளிய முறையை விளக்கினார். நுரை குருதியைத் தள்ளிவிட்டுச் சுவரைத் தொடுகிறது. 2013இல் இங்கிலாந்தின் வழிகாட்டல், வெப்பத்தால் மூடும் முறையை முதலிலும், அது பொருந்தாதோர்க்கு நுரையையும், அதன் பின்னரே அறுவையையும் வைத்தது. கருவுற்றோருக்கும், ஆழ்ந்த நாளத்தில் உறைகட்டி உள்ளோருக்கும், நடக்க இயலாதோருக்கும் இவ்வூசி பொதுவாக ஆகாது. ஊசியேற்றிய இடத்திற் பழுப்புக் கறை மாதக்கணக்கில் இருக்கலாம். வேறு நாளங்கள் பின்னர் புடைக்கவும் கூடும்.

இன்னொன்று. புடைத்த நாளம் சிறு கீறலிலேயே வெடித்து, வலியின்றிக் குருதி பீறிடுவதுண்டு. பயந்தவர்கள் தொடையில் கயிறு கட்டுவார்கள். அது மேலேறும் குருதியைத் தடுத்துப் பெருக்கையே கூட்டலாம். உடனே படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி, துப்புரவான துணியால் அவ்விடத்தையே விடாது அழுத்திப் பிடித்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து விசிறிக்கொண்டிருத்தல் ஆகாது.