ஈர்ப்பலையும் தூங்கும் ஃபைலும்

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட ஆரம்பித்தால் மேஜைமேல் இருக்கும் காப்பி டம்ளர் நடுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படிக்கையில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார்: "ஏன் வே, கண்ணுக்குத் தெரியாத அலையைப் பிடிக்க 2600 கோடியாமே? அந்தப் பணத்துல நம்ம குளத்தையெல்லாம் தூர்வாரலாம்லா?"

நியாயமான கேள்விதான். ஆனால் என் மனத்தாங்கல் வேறு.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். கணக்கு வாத்தியார் புவான்கரே பெயரை அடிக்கடி சொல்வார். அவர் 1905-லேயே 'ஓந்த் கிராவிஃபிக்', அதாவது ஈர்ப்பலை, என்று எழுதியது எனக்கு ரிட்டையர் ஆன பிறகே தெரியவந்தது. அந்த அலை பிடிபட்டது 2015 செப்டம்பர் 14-ல், அமெரிக்காவின் இரண்டு லைகோ கருவிகளில். 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரு கருந்துளைகள் மோதிய அதிர்வு அது. லேசர் ஓடும் 4 கிலோமீட்டர்க் குழாயின் நீளத்தில் வந்த மாற்றம், ஒரு புரோட்டான் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு! தறிச் சத்தமும் ரயிலும் உள்ள ஊரில் இது நடக்காது.

அதனால்தான் மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்து அவுண்டா நாகநாத் பக்கம் இடம் பார்த்தார்கள். அங்கேயும் சிவன் கோயில், பேரிலேயே நாகம். புற்றுமண் பூசும் நமக்கு அந்நியமில்லை.

இரண்டு காது இருந்தால்தான் வெடிச்சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும். பூமியின் பல மூலைகளில் கருவி வேண்டியதும் அதற்கே. 2017 ஆகஸ்ட் 17-ல் நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதியபோது, பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் கட்டிய வர்கோவும் சேர்ந்ததால் வானத்தில் இடம் குறுகியது. தொலைநோக்கிகள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தன. தங்கம் போன்ற கன உலோகங்கள் இப்படிப்பட்ட மோதலில் உண்டாவதற்கு அடையாளமும் கிடைத்தது. பவுன் விலை பேசாத நாளில்லை நமக்கு. பிறந்த இடத்தையும் தெரிந்துகொள்வோமே.

நம் கருவிக்கு 2016 பிப்ரவரியில் கொள்கை அளவில் ஒப்புதல். முழு ஒப்புதல் 2023 ஏப்ரலில். ஏழு வருஷம்! 'நேரில் பேசவும்' என்று ஒரு வரி எழுதினால் ஃபைல் எத்தனை மாதம் தூங்கும் என்று எனக்குத் தெரியும். நானும் தூங்க வைத்திருக்கிறேன்; ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியம் அதில் ஒன்று. இன்றும் உறுத்துகிறது.

கலங்கிய கருந்துளை எப்படி அதிர்ந்து அடங்கும் என்று 1970-லேயே கணித்துக் காட்டியவர் நம் விஸ்வேஸ்வரா. 2017 ஜனவரியில் காலமானார். அலை பிடிபட்ட செய்தி வந்தபோது இருந்தார். இந்திய மண்ணில் கருவி எழும்போது இல்லை. 2030-க்குள் முடிப்பதாகத் திட்டம். எனக்கு அப்போது எண்பது தாண்டியிருக்கும்.

அண்ணாச்சியிடம் சொன்னேன்: "குளமும் தூர்வாரணும்தான். வாங்க, திங்கட்கிழமை ரெண்டு பேருமாப் போயி அந்த ஃபைல் யார் மேஜையில கிடக்குன்னு கேப்போம்."