அஞ்சடியில் யார் இருப்பது?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடைவீடு என்றால் கீழே வியாபாரம், மேலே குடித்தனம். வாசலை ஒட்டி நீளும் அஞ்சடி நடைபாதை எல்லோருக்கும் பொது. மழைக்கு ஒதுங்கலாம், பூக்கட்டலாம், முக்காலி போட்டு உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் சுவரோவியத்தையும் ஓட்டுக் கூரையையும் சொல்கிறார்கள், வாடகையைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதபடி 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. பினாங்கில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன் கீழ் இருந்தன. அதனால்தான் தையல்காரரும் நகை ஆசாரியும் மசாலா அரைப்பவரும் நகரத்தின் நடுவிலேயே பிழைக்க முடிந்தது. வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. வருகிற வாடகையில் ஓடு மாற்றவே கட்டுப்படியாகாது. கூரை ஒழுகியது, மரப்படி உளுத்துப்போனது. 1997இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். இரண்டரை ஆண்டுகூட அவகாசமில்லை, 2000 ஜனவரி முதல் சந்தை விலைதான் வாடகை. வாடகையைப் படிப்படியாக ஏற்றியிருக்கலாம். குடியிருந்தவர்களுக்கு மாற்று இடம் ஏற்பாடு செய்த பிறகு சட்டத்தில் கைவைத்திருக்கலாம். நிறைய குடும்பங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பின. ஆள் போன சில வீடுகளில் கூடுகளை விற்பதற்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. கட்டடங்களுக்காக மட்டும் அல்ல; பல இனத்தாரும் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்துவரும் வாழ்க்கைக்காகவும்தான். 2012இல் ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டின் சைக்கிள் சுவரோவியம் வந்தது, கூட்டமும் வந்தது.

சூலியா ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டைப் பார்த்தேன். பழைய கடையின் பெயர்ப்பலகை அப்படியே தொங்குகிறது. உள்ளே மளிகைச் சாமான் அடுக்கிய மர அலமாரியில் இப்போது காப்பிக் கோப்பைகள். மாடியில், குடும்பம் சமைத்துச் சாப்பிட்ட இடத்தில், நாள் வாடகை அறைகள். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை; சுண்ணாம்புப் பூச்சு முதல் ஜன்னல் பலகை வரை அக்கறையாகச் செய்திருக்கிறார்கள். புதுக் கட்டடம் 18 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்று பாரம்பரிய வட்டாரத்துக்கு விதி இருக்கிறது. மாடியில் குடித்தனம் இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை.

குடித்தனம் போனால் என்ன குறையும் என்பது தைப்பூசத்தில் தெரியும். அதற்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது. வழிநெடுகத் தேங்காய் உடைக்க வெளியூரிலிருந்தும் ஆள் வரும். ஆனால் தன் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, குடும்பத்தோடு தட்டேந்தி நிற்பவர் அங்கேயே இருப்பவராகத்தானே இருக்க முடியும்?

இந்த வட்டாரத்தில் கணிசமான வீடுகள் தனியாரிடம் இல்லை. கோயில்கள், பள்ளிவாசல் வக்ஃபு, சீனர்களின் குலச் சங்கங்களான கொங்சிகள் ஆகியவற்றின் சொத்து. முன்னோர் தர்மத்துக்கென்று எழுதிவைத்தவை. இந்த அமைப்புகளுக்குச் சந்தை விலைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய தொழில்காரர்களுக்கு நீண்ட குத்தகை தரலாம். மாடியில் குடும்பம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அப்படி விடும் வீடுகளுக்கு மாநகர் மன்றம் மதிப்பீட்டு வரியைக் குறைக்கட்டும். அடுத்துக் குத்தகை புதுப்பிக்க வரும் கடையிலேயே இதைத் தொடங்கலாம்.