மாத்திரையைக் கொடுக்குமுன் ரத்த அழுத்தம் பாருங்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கருத்தடை மாத்திரை என்றதும் பெண்கள் என்னிடம் கேட்டதெல்லாம், உடம்பு பெருத்துவிடுமா, பிறகு பிள்ளை தங்காமல் போய்விடுமா என்பதுதான். ரத்தம் உறையுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் நாம் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை பற்றிய பயம் வேண்டாம். மாத்திரையை நிறுத்தினால் கரு தரிக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டும், இடையில் லேசாக ரத்தம் படும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பயந்து அட்டையைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 7 இரும்புச்சத்து, மீதி 21-இல் இரண்டு ஹார்மோன்கள். அவற்றில் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறைவதைக் கூட்டும். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. மாலா-என் வகை சாப்பிடுவோரில் 5 முதல் 7 பேருக்கு. டிராஸ்பைரினோன் கலந்த மாத்திரைகளில் அது 9 முதல் 12. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. அதனால் மாத்திரையை விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். யாருக்கு ஆகாது என்று பார்க்காமல் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நூல் மில்லில் வேலை பார்த்த ஒரு பெண், கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பித்தம் ஏறிருச்சு நர்ஸம்மா, தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி வெட்டுது" என்றாள். அது பித்தமில்லை, ஒற்றைத் தலைவலி. தலைவலிக்கு முன் கண்ணில் ஒளி தெரிகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும். மருத்துவரிடம் அழைத்துப்போய் காப்பர்-டி போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தேன். அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

திருவிழா, கிரகப்பிரவேசம் என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்குகிற நோரெதிஸ்டிரோன் இன்னொரு கவலை. அது கருத்தடை மாத்திரை இல்லை. ஆனால் அந்த அளவில் சாப்பிடும்போது ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கத்தரிக்கோலால் வேண்டிய அளவு வெட்டி, காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களே வாங்கி வரச் சொல்வது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

1970-இல் அமெரிக்க செனட்டில் மாத்திரையின் ஆபத்து பற்றி விசாரணை நடந்தது. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணையும் சாட்சி சொல்ல அழைக்காதது ஏன் என்று பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து கேட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வைப்பது கட்டாயமானது. வெட்டித் தரும் அட்டையோடு அந்தத் தாள் நம் பெண்கள் கைக்கு வருவதில்லை.

கொடுப்பவர் செவிலியரோ கடைக்காரரோ, முதலில் ரத்த அழுத்தம் பார்க்கட்டும். 140/90-ஐத் தொட்டால் இந்த மாத்திரை வேண்டாம். பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பால் கொடுக்கிறாரா, காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறாரா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டியதுண்டா என்று கேட்கட்டும். ஆகாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத சாயா மாத்திரை, காப்பர்-டி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

அரசிடம் என் கோரிக்கை ஒன்று. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு உறையிலும் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடுங்கள்.