கீழே மூட்டிய தீ மலை ஏறும்!

மாசி, பங்குனி மாதங்களில் ஆனைமலை அடிவாரத்தில் புல் காய்ந்து சருகாகிவிடும். சில நாள் இரவில் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு தெரியும். "காடு எரிகிறது, வனத்துறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்காரர்கள் படுக்கப் போய்விடுவார்கள்.

காட்டிலிருந்து தோப்புக்குத் தீ வரும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. தோப்பிலிருந்து காட்டுக்குத் தீ போகும் என்று நினைப்பவர்கள் குறைவு. ஆனால், நம் நாட்டில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் மூள்கிறது.

தென்னந்தோப்பில் மட்டையும் ஓலையும் குவிகின்றன. ஆள் வைத்து அள்ளக் கூலி கட்டுப்படியாவதில்லை. தீக்குச்சிக்கு என்ன செலவு? குத்தகைக்கு எடுத்தவருக்கோ காயின் மேல்தான் கண்!

"தண்ணீர் பாயும் தோப்பு, பச்சை மரம் எரியுமா?" என்று கேட்பார்கள். மரம் தப்பிவிடும்; உண்மைதான். ஆனால் சொட்டுநீர்க் குழாய் உருகும். வேலியோரப் புல் பற்றும். அங்கிருந்து சரிவில் ஏறினால் தீயைப் பிடிக்க முடியாது. கீழே எரியும் அனல் மேலே உள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுகிறது. பகலில் காற்றும் மலையை நோக்கி வீசும்.

சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஓடும்? 2018 மார்ச்சில், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் மாண்டார்கள். 2023 ஏப்ரலில் கோவைக்கு மேற்கே காடு எரிந்தபோது, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யானைக்குப் பயந்து பலர் சூரிய மின்வேலி போட்டிருக்கிறார்கள். கம்பியில் புல் தொட்டால் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். ஆகவே வேலிக்கு அடியில் செதுக்கிச் சுத்தமாக வைக்கிறார்கள். அதுவே ஒரு சிறு தீத்தடுப்புக் கோடு அல்லவா? அதை இன்னும் சில அடி அகலமாக்கினால், யானைக்குச் செய்த செலவு தீக்கும் உதவும்.

மட்டையை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் மண்ணில் ஈரம் தங்கும். வெயில் காலத்தில் பாய்ச்சும் தண்ணீரும் மிச்சம். ஆனால் காட்டை ஒட்டிய வரிசையில் போடக் கூடாது. அங்கே காய்ந்த மட்டை விறகுதான்.

தன் நிலத்தில்தானே எரிக்கிறேன் என்று வாதிட முடியாது. காப்புக் காட்டுக்கு ஆபத்து உண்டாகும்படி தீ மூட்டுவது, 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம்.

தீ எழுந்தால் டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கண்டு, பதிவு செய்துகொண்டவர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் செயற்கைக்கோள் மலையைக் கடந்து போகும் நேரத்தில்தான் பார்க்கும். வேலியோரம் கிளம்பும் புகையை முதலில் பார்ப்பவர் தோப்புக்காரர்தான். அவர் அழைக்க வேண்டிய எண் 112.