கத்தரிக்கோலும் கலைக்கருவியே

ஓவியம் தீட்டுபவரைக் கலைஞர் என்கிறோம்; சிலை வடிப்பவரையும் கலைஞர் என்கிறோம். ஒருவருக்கு எந்த உடை பொருந்தும் என்று கண்டு அமைத்துத் தருபவரை மட்டும் ‘தையற்காரர்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். இது முறையாகுமா?

நண்பர்களே! தம்பானூரில் சற்று நின்று பாருங்கள். ஒருபுறம் புகைவண்டி நிலையம். எதிரே பேருந்து நிலையம். கசவு முண்டு உடுத்தவரும், நாகர்கோவில் பேருந்தில் வந்திறங்கும் கரைவேட்டிக்காரரும் கலந்து செல்கின்றனர். நமக்கு அது வெறும் கூட்டம். ஆடையமைப்பவர் கண்ணுக்கோ, வேட்டியை மடித்துக் கட்டிய விதமே அந்த மனிதரின் தொழிலையும் அவசரத்தையும் சொல்லிவிடும். உள்ளுணர்வு என்பது வானத்திலிருந்து விழுவதன்று. பல்லாண்டுகள் பார்த்துப் பழகிய கண்ணின் விரைவே அது.

இந்நகரில் 1956ஆம் ஆண்டில் பிறந்த சுரேந்திரன், நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தையல் கற்றார், திரைப்படங்களுக்கு உடை அமைத்தார். அவர் தையற்கடையின் பெயரான ‘இந்திரன்ஸ்’ என்பதே அவர் பெயராயிற்று. பின்னர் நடிகராகி, ‘ஆளொருக்கம்’ படத்திற்காக 2018இல் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதையும் பெற்றார். நடிகரைப் போற்றினோம்; நன்று. நடிக்க வராமல் கத்தரிக்கோலோடு நின்றுவிட்டவர்களை யார் நினைக்கிறோம்?

கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா, பம்பாயில் ஓவியம் பயின்றவர். தூரிகையோடு நில்லாமல் துணியைத் தம் கலைக்களமாகக் கொண்டு, 1956இல் வெளியான ‘சி.ஐ.டி.’ உட்படப் பல படங்களுக்கு உடை அமைத்தார். ‘காந்தி’ படத்திற்காக, ஜான் மோல்லோவுடன் சேர்ந்து 1983இல் ஆஸ்கார் விருது பெற்றார். அவ்விருது பெற்ற முதல் இந்தியர் அவரே. அப்போது நம் தேசியத் திரைப்பட விருதுகளில் ஆடையமைப்புக்கென ஒரு பிரிவே இல்லை! 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அது முதன்முதலாக வழங்கப்பட்டது.

ஊரார் மதிப்பு இத்துணைத் தாமதமாக வருமாயின், கலைஞர் அதற்காகக் காத்திருத்தல் இயலாது. தம் திறனைத் தாமே முதலில் உணர வேண்டும். அது செருக்கன்று. ‘இந்த நிறம் இந்தப் பாத்திரத்துக்கு ஆகாது’ என்று துணிந்து சொல்வதும், ஏன் ஆகாது என்று விளக்க வல்லவராவதுமே அவ்வுணர்வு. அஃது இல்லாதவர் நேற்றைய வெற்றிப் படத்தின் சட்டையையே இன்றும் தைத்துக்கொண்டிருப்பார்.

‘உள்ளுணர்வு தவறாதோ?’ எனலாம். தவறும், ஆகையால் அதனைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். உடுத்தவர் நடக்கும்போதும் உட்காரும்போதும் துணி எப்படி விழுகிறது என்பதே அச்சோதனை. அதில் தேறிய கண்ணை நம்பலாம். தேறாதபோது தையலைப் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

பட்டம் பெறப்போகும் நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஏட்டில் ஏறாத அறிவும் அறிவே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த முறை தம்பானூர் கைரளி அரங்கில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, உடனே எழுந்துவிடாதீர்கள். உடை அமைத்தவர் பெயர் வரும்வரை அமர்ந்திருங்கள். அதைப் படித்துவிட்டு எழுங்கள்.